விசாரணை என்று அறையில் அடைத்தார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: நகைக்கடையில் விற்பனையாளராக இருந்தேன். மோதிரம் ஒன்று குறைகிறதென்று மாலை 4 மணி முதல் இரவு 9 வரை மேலாளர் அறையில் உட்காரவைத்தார்கள். போனை வாங்கிக்கொண்டார்கள், வாசலில் செக்யூரிட்டி. மறுநாள் மோதிரம் வேறு தட்டில் கிடைத்தது. அதற்குள் 'திருட்டுக்காக நீக்கம்' என்று ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். 8 மாதம் ஆகிறது. சிவில் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் உடனே. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, சட்டவிரோதமாக அடைத்துவைத்ததற்கு உங்களை வெளியே விட்ட நாளிலிருந்தும், எழுத்திலான அவதூறுக்குப் பதிவு வெளியான நாளிலிருந்தும் ஓராண்டுதான் கெடு. போலீஸ் புகாரோ வக்கீல் நோட்டீஸோ அதை நீட்டாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கதவு பூட்டியிருக்க வேண்டியதில்லை. வெளியேற விடமாட்டார்கள் என்ற நிலை போதும். இங்கிலாந்தில் 1919-இல் மீரிங் என்ற தொழிலாளியை, வார்னிஷ் திருடிய சந்தேகத்தில் நிறுவன அலுவலகத்தில் இருக்கவைத்தார்கள். வெளியே காவல் நின்றது அவருக்கே தெரியாமல் இருந்தாலும் அடைப்புதான் என்றது நீதிமன்றம். 'அவராகவே உட்கார்ந்திருந்தார்' என்பதுதான் எதிர்த்தரப்பின் வழக்கமான பதில். எத்தனை மணிக்குப் போகக் கேட்டீர்கள், யார் என்ன சொல்லித் தடுத்தார் என்பதைப் பிராதில் (வழக்கு மனுவில்) எழுதுங்கள். 'நாங்களே பிடித்துவைத்தோம்' என்ற வாதமும் எடுபடாது. கண்ணெதிரே நடக்கும், ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைதுசெய்யத்தக்க குற்றத்துக்கே போலீஸ் அல்லாதவர் இன்னொருவரைப் பிடிக்கலாம்; புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 40-ஆம் பிரிவுப்படி 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்கவும் வேண்டும். வெறும் சந்தேகத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

மேலாளர் முதலாளிக்கு அனுப்பிய விசாரணை அறிக்கையை வைத்து அவதூறு கேட்காதீர்கள். கடமையாகச் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; தீய நோக்கத்தை நிரூபித்தால்தான் அது உடையும். தெரியவேண்டிய அவசியமே இல்லாத ஊழியர்களுக்கும் போன குழுப் பதிவுதான் உங்கள் பலம். தனியறையில் உங்கள் முகத்துக்கு நேரே 'திருடி' என்றது, மூன்றாமவர் கேட்டிராவிட்டால், அவதூறாகாது.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவு இருக்கும் போனுக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இரு பகுதிகளாக, ஹாஷ் மதிப்போடு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) வேண்டும். இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். குழுவில் இருந்த ஒருவரைச் சாட்சியாகப் பிடியுங்கள். வேலை போகும் பயத்தில் பின்வாங்குவார்கள், ஆகவே வேலையை விட்டுப் போனவரைத் தேடுங்கள். சிசிடிவி பதிவு இந்நேரம் அழிந்திருக்கலாம். இருந்தும் நோட்டீஸில் கேளுங்கள். அவர்கள் தரும் பதில் குறுக்கு விசாரணைக்கு உதவும்.

நிறுவனம், மேலாளர், செக்யூரிட்டி ஏஜென்சி, பதிவு போட்டவர் அனைவரையும் பிரதிவாதிகளாகச் சேருங்கள். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம்; 5 லட்சம் கேட்டால் 15,000 ரூபாய்.