பூச்சிப் பெட்டி: பிணந்தின்னி வண்டுகள் (வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் பிணந்தின்னி வண்டுகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி, "சாப்பிடும் நேரத்தில் படிக்கிற பத்திரிகையில் இதையா எழுதுவது?" என்று கடிந்துகொண்டவை. அவற்றை மரியாதையோடு ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய கையேட்டில் பிணந்தின்னி வண்டுகள் 'சில்ஃபிடே' என்ற தனிக் குடும்பம். அண்மையில் வாங்கிய நூலில் அதே வண்டு 'ஸ்டாஃபிலினிடே' குடும்பத்தில் இருக்கிறது. எது அச்சுப்பிழை?

பதில்: இரண்டுமே பிழையில்லை. ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் நடுவில் வண்டு வீடு மாறிவிட்டது.

1758இல் லின்னேயஸ் 'சில்ஃபா' என்று ஒரு பேரினத்தை வகுத்து, அழுகலில் திரியும் வண்டுகள் பலவற்றை அதற்குள் போட்டுவைத்தார். அவருடைய மாணவர் ஃபாப்ரீசியஸ் 1775இல், பிணத்தை மண்ணுக்குள் புதைக்கிற வண்டுகளை மட்டும் தனியே பிரித்து 'நிக்ரோஃபோரஸ்' என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் இந்த இரு கூட்டத்தையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்ததுதான் சில்ஃபிடே குடும்பம். புதைக்கிறவை ஒரு துணைக்குடும்பம், புதைக்காமல் மேலேயே மேய்கிறவை இன்னொன்று. இந்தக் குடும்பம் நெடுங்காலம் சத்திரம் போலத்தான் இருந்தது. இன்று தனிக் குடும்பமாக இருக்கும் அஜிர்டிடே வண்டுகள்கூட இங்கே தங்கிப் போனவையே. வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு ஏறத்தாழ 200 சிற்றினங்கள் மிஞ்சின. கச்சிதமான குடும்பம், ஒரே அலமாரியில் அடங்கிவிடும்.

இதற்குப் பக்கத்து வீடுதான் ஸ்டாஃபிலினிடே. முன்னிறகு குட்டையாகி, முதுகின் பெரும்பகுதி வெளியே தெரியும் குறுஞ்சிறகு வண்டுகள். 60,000 சிற்றினங்களுக்கு மேல் உண்டு. விலங்குலகின் மிகப் பெரிய குடும்பம் எது என்ற போட்டியில் எப்போதும் முன்வரிசையில் நிற்பது. மரபணுக்களை ஒப்பிடத் தொடங்கியதும், பிணந்தின்னி வண்டுகள் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் அல்ல, உள்ளேயே நடுக்கூடத்தில் இருப்பது தெரிந்தது. அதாவது, சில குறுஞ்சிறகு வண்டுகளுக்கு மற்றக் குறுஞ்சிறகு வண்டுகளைவிடப் பிணந்தின்னிகளே நெருங்கிய சொந்தம். ஒரே பாட்டியின் வழித்தோன்றல்கள் அனைவரையும் நிற்கவைத்துக் குடும்பப் படம் எடுக்கிறீர்கள். ஒரு பேத்தியின் பிள்ளைகளை மட்டும் "உங்கள் முகச்சாடை வேறு" என்று வெளியே நிறுத்தினால் அந்தப் படத்துக்கு என்ன பொருள்? 2022இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று சில்ஃபிடேயை 'சில்ஃபினே' என்ற துணைக்குடும்பமாக இறக்கி ஸ்டாஃபிலினிடேக்குள் வைத்தது. 2024இல் சைக்ஸ், தாயர், நியூட்டன் மூவரும் உடலமைப்பு, மரபணு என இருவகைச் சான்றுகளையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்து அதையே உறுதிசெய்தார்கள். முன்பு துணைக்குடும்பமாக இருந்த இரண்டும் ஒரு படி இறங்கி 'சில்ஃபினி', 'நிக்ரோஃபோரினி' என்ற இனக்குழுக்கள் ஆயின.

அருங்காட்சியகம் ஒன்றின் பூச்சிப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். இழுப்பறைகளின் முகப்பில் 'சில்ஃபிடே' என்று கறுப்பு மையால் என் கைப்பட எழுதி ஒட்டினேன். நல்ல கையெழுத்து என்று பெயர் வாங்கிய அட்டைகள். அவற்றைக் கிழிக்க வேண்டும் என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. சான்றுகளைப் படித்த பிறகு அந்தக் கோபத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஒன்றைக் கவனியுங்கள். முகப்பு அட்டைதான் மாறியது. வண்டின் வலது முன்னிறகைத் துளைத்து இறங்கும் ஊசியில், எந்த இடம், எந்த நாள், யார் பிடித்தது என்று எழுதிய சிறு சீட்டு இருக்கிறதே, அதை யாரும் தொடவில்லை.

கேள்வி: செத்த விலங்கின் மேல் காணப்படும் வண்டுகள் எல்லாமே பிணந்தின்னி வண்டுகள்தானே? பிறகு எதற்கு இத்தனை பெயர்?

பதில்: தொழில் வேறு, வம்சம் வேறு. செத்த உடலைத் தேடி வரும் வண்டுகளில் பல வம்சங்கள் உண்டு. உடல் ஈரமாக இருக்கும்போது ஈப்புழுக்களைத் தின்னவே வரும் பளபளப்பான ஹிஸ்டரிடே வண்டுகள் உண்டு. எல்லாம் காய்ந்து தோலும் முடியும் மிஞ்சும்போது வரும் ட்ரோஜிடே வண்டுகள் சாணவண்டுக்குத்தான் உறவு. தோலை அரிக்கும் டெர்மஸ்டிடே இன்னொரு கிளை. எலும்புக்கூட்டைச் சுத்தம் செய்ய அருங்காட்சியகங்களில் வேலையாள் போல வளர்க்கப்படுவது இந்த வம்சத்து வண்டுதான்.

இந்த வேலையாளிடம் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். ஒரு பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்துத் திறந்தால், ஊசிகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன, சீட்டுகள் இருக்கின்றன, வண்டுகளைக் காணோம். ஒவ்வோர் ஊசியின் அடியிலும் பழுப்பு நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூள். நடுவே ரோமம் சிலிர்த்த டெர்மஸ்டிடே புழு ஒன்று சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தது. பிணந்தின்னி வண்டின் பிணத்தைத் தின்றவர் அவர். மேலதிகாரியிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

மறுபுறம், பிணந்தின்னி வம்சத்தில் பிறந்தும் பிணத்தை விட்டுவிட்டவை இருக்கின்றன. ஃபாஸ்ஃபூகா அட்ராட்டாவுக்குத் தலை குறுகி நீண்டிருக்கும். நத்தை ஓட்டுக்குள் தலையை நுழைத்துத் தின்னும். டென்ட்ராக்சீனா மரமேறிக் கம்பளிப்புழு வேட்டையாடும். அக்ளிபியா சுத்த சைவம். பீட்ரூட் பயிரின் இலையைக் கடித்து உழவர்களின் வசவை வாங்கும். உணவை வைத்து வகைப்படுத்தியிருந்தால் இவை மூன்றும் மூன்று திசையில் போயிருக்கும்.

கேள்வி: புதைக்கும் வண்டையும் புதைக்காததையும் பார்த்தவுடன் பிரித்தறிய வழி சொல்லுங்கள்.

பதில்: முதுகைப் பாருங்கள். நிக்ரோஃபோரஸின் முன்னிறகு நுனியில் நேராக வெட்டியது போல் முடியும். வயிற்றின் கடைசிக் கட்டங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குட்டைச் சட்டை போட்டவர் போல. கறுப்பு இறகில் பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டை இரண்டு. புதைக்காத கூட்டம் பெரும்பாலும் தட்டை. முன்னிறகில் நீளவாக்கில் வரம்பு ஓடும்.

அடுத்து உணர்கொம்பு. புதைக்காதவற்றுக்கு அது நுனி நோக்கிச் சிறிது சிறிதாகத் தடிக்கும். நிக்ரோஃபோரஸுக்குத் திடீரென்று குமிழாகிவிடும். கணுக்களை எண்ணச் சொல்லி மூத்தவர் ஒருவர் எனக்குப் பரீட்சை வைத்தார். லென்ஸை வைத்து மும்முறை எண்ணிப் பத்து என்றேன். "பதினொன்று. எண்ணிவிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் கணு மிகச் சிறுத்து, மூன்றாவதின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிறது. நுண்ணோக்கியில் வண்டைப் பக்கவாட்டில் திருப்பிவைத்த பிறகுதான் அகப்பட்டது.

கேள்வி: 'நெக்ரோ' என்றால்தானே பிணம்? நீங்கள் 'நிக்ரோஃபோரஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளவும்.

பதில்: திருத்த வேண்டியவர் ஃபாப்ரீசியஸ். 'பிணம் சுமப்பவர்' என்ற கிரேக்கப் பொருளில்தான் வைத்தார், ஆனால் 1775இல் 'நி' என்று அச்சேறிவிட்டது. பிறகு வந்தவர்கள் 'நெ' என்று மாற்றிப் பார்த்தார்கள். பழைய நூல்களில் அதைக் காணலாம். பெயரிடும் விதிப்படி முதலில் அச்சேறியதே நிற்கும்.

கேள்வி: இந்த வண்டு பெற்ற பிள்ளைகளையே தின்னும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆனால் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

குளிர்ந்த மலைக்காடு ஒன்றில், இரவு, டார்ச் வெளிச்சத்தில் செத்த சுண்டெலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலி நகர்ந்தது. உயிர் இருக்கிறதோ என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். குச்சியால் மெல்லத் தூக்கினால், அடியில் நிக்ரோஃபோரஸ் ஒன்று மல்லாந்து படுத்துக்கொண்டு ஆறு கால்களாலும் எலியை நகர்த்திக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன், வயிற்றை இறகில் உரசிக் 'கிர்ர்' என்று சத்தம் போட்டது. மன்னிப்புக் கேட்பது போல் திரும்ப வைத்துவிட்டேன்.

ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து அடியில் மண்ணைப் பறிக்கப் பறிக்க, பிணம் தானாகவே கீழே இறங்கும். உள்ளே கொண்டுபோய் ரோமத்தை மழித்து, உருண்டையாக்கி, வாயாலும் பின்புறத்தாலும் சுரக்கும் நீரைப் பூசுவார்கள். அது கிருமிகளை அடக்கிப் பிணம் கெடுவதைத் தாமதப்படுத்தும். முட்டைகள் பக்கத்து மண்ணில். பொரிந்த புழுக்கள் உருண்டையை நோக்கி ஊர்ந்து வந்து, உடம்பை நிமிர்த்திப் பெற்றோரின் வாயைத் தொடும். பெற்றோர் தின்று கரைத்ததைக் கக்கி ஊட்டுவார்கள். பூச்சிகளில் தாயும் தந்தையும் சேர்ந்து ஊட்டி வளர்ப்பது மிக அரிது.

சிக்கல் இங்கேதான் வருகிறது. வந்து சேரும் புழுக்கள் பல நேரங்களில் உருண்டையின் அளவுக்கு மிஞ்சியிருக்கும். சிறிய எலி, நிறையப் பிள்ளைகள். எல்லாரையும் விட்டுவைத்தால் எல்லாரும் நோஞ்சானாகும். எனவே பெற்றோர் முதல் நாளிலேயே சிலவற்றைத் தின்றுவிடுகிறார்கள். பெரிய பிணமாக இருந்தால் குறைவாகத் தின்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. அருவருப்பும் இல்லை என்று சொன்னால் பொய்.

கேள்வி: ஒரு வண்டு எத்தனை பிணம் புதைக்கும்?

பதில்: கிளெடிட்ச் என்ற ஜெர்மானியர் 18ஆம் நூற்றாண்டில் நான்கு வண்டுகளை அடைத்துவைத்துக் கணக்கெடுத்தார். ஐம்பது நாளில் பன்னிரண்டு: தவளை நான்கு, சிறு பறவை மூன்று, மீன் இரண்டு, அகழெலி ஒன்று, வெட்டுக்கிளி இரண்டு. அவர் பிணத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். காட்டில் ஒரு பிணம் கிடைப்பதே அதிர்ஷ்டம். முழுக் கறுப்பு உடலும் ஆரஞ்சுக் கொம்பு நுனியும் கொண்ட நிக்ரோஃபோரஸ் ஹியூமேட்டருக்கு 1767இல் பெயர் வைத்தவரும் இவரே.

கேள்வி: புகைப்படத்தில் வண்டின் மேல் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருக்கிறதே, நோயா?

பதில்: பயணிகள். பெசிலோகைரஸ் என்ற சிற்றுண்ணிகள். அவற்றுக்கு இறக்கை இல்லை. அடுத்த பிணத்துக்குப் போக வண்டுதான் பஸ். பிணம் வந்ததும் இறங்கி, போட்டிக்கு வந்த ஈக்களின் முட்டைகளைத் தின்னும். அந்த அளவில் வண்டுக்கு உதவி. சில நேரம் வண்டின் முட்டையையும் தின்றுவிடும். அந்த அளவில் உபத்திரவம். அங்கேயே பெருகி, அவற்றின் அடுத்த தலைமுறை, புறப்படும் வண்டின் மேல் ஏறிக்கொள்ளும். அந்த மலைக்காட்டு வண்டைக் கையில் எடுத்தபோது பயணிகளை எண்ணத் தொடங்கினேன். முப்பத்திரண்டில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்குள் நான்கு என் மணிக்கட்டில் ஏறியிருந்தன.