தாது வருஷத்துச் சாவுக் கணக்கு

அன்புள்ள ஐயா,

தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) சேலம் ஜில்லாவில் மட்டும் 3,67,000 பேர் இறந்ததாக உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். 1871 மக்கள்தொகையில் இருந்து 1881 மக்கள்தொகையைக் கழித்துத்தான் சொன்னீர்களா? கழித்து வருவதெல்லாம் சாவாகிவிடுமா?
செல்வராஜ், தர்மபுரி

அன்புள்ள செல்வராஜ்,

ஆமாம், கழித்துத்தான் எழுதினேன். 1871-ல் 19,66,995 பேர், 1881-ல் 15,99,595 பேர். ஆனால் அந்த வித்தியாசத்தை அப்படியே சாவு என்று எழுதியது பிழை.

மைசூர்ப் பக்கமும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் போனவர்கள் உண்டு. அவர்கள் ஜில்லாக் கணக்கில் இல்லை, ஆனால் உயிரோடு இருந்திருக்கலாம். பஞ்ச காலத்தில் பிறப்பு பாதாளத்துக்கு விழும். பட்டினி கிடக்கும் உடம்பில் கரு எளிதில் தங்காது. பிறக்காத குழந்தையும் இந்தக் கழித்தலில் 'குறைந்தவர்' ஆகிவிடுகிறது.

சரி, அப்படியானால் உண்மை எண் சிறியதா? அதுவும் இல்லை. 1871-க்கும் 1876-க்கும் நடுவே ஜனத்தொகை கூடியிருக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு அரைப் பேர் என்று வைத்தாலே ஐந்து வருஷத்தில் 49,000 பேர். பஞ்சம் தொடங்கும்போது இருந்த இவர்களை என் கழித்தல் பார்க்கவே இல்லை.

சாவுப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்பீர்கள். ஊரில் நடந்த சாவைப் பதிந்து அனுப்ப வேண்டியவர் கிராம முன்சீப். கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்து, வழியில் சாலையோரம் விழுந்தவரை எந்த ஊர் முன்சீப் எழுதுவார்? சொந்த ஊருக்கு அவர் ஊரைவிட்டுப் போனவர், விழுந்த ஊருக்கு யாரோ பரதேசி. 1877-ல் காலராவும், மழை வந்தபின் காய்ச்சலும் வாரிக்கொண்டு போனபோது எழுத வேண்டியவர்களே படுத்துக் கிடந்திருப்பார்கள். சாவு உச்சத்தில் இருக்கும் மாதங்களில்தான் பதிவேடு அதிகம் தவறும். எனக்கு மனம் கனக்கும் இடம் இதுதான்.

அதனால்தான் பஞ்சம் பரவிய பகுதிகள் முழுவதற்குமான மொத்தக் கணக்குகளும் இவ்வளவு விலகி நிற்கின்றன. 1880-ன் பஞ்சக் கமிஷன் பிரிட்டிஷ் பகுதிகளுக்குச் சுமார் 52 லட்சம் என்றது. பிற்கால ஆய்வு மதிப்பீடு ஒன்று 82 லட்சம் என்கிறது.

அப்புறம் இன்னொன்று. 1891-ல் சேலத்தின் தொகை 19,62,591. இருபது வருஷம் கழித்தும் பழைய எண்ணைத் தொடவில்லை.

கட்டுரையில் 'இறந்தார்கள்' என்பதை 'குறைந்தார்கள்' என்று மாற்றிவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அதன் கீழே சேர்த்திருக்கிறேன்.