டைல்ஸ் தட்டினா டொம்முனு சத்தம் வருதே, மேஸ்திரிய வேலைக்கு வைக்கும்போது என்ன கேக்கணும்?

அந்த சத்தத்தைத்தான் ஹாலோ சவுண்டுனு சொல்றாங்க, ஒண்ணுமில்ல, டைல்ஸுக்கு அடியில கலவை முழுசா பரவாம காத்து நிக்குது. போஸ்டர்ல நாலு மூலைக்கு மட்டும் பசை தடவி ஒட்டினா நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும்ல, அதே கதைதான், அதுமேல கட்டில் காலோ கேஸ் சிலிண்டரோ இறங்கினா விரிசல் விடும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, சாதாரண செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணி நல்லா உறிஞ்சும், அதனால ஊறவெச்சு சிமெண்ட் பால் தடவி ஒட்டினா பிடிச்சுக்கும். விட்ரிஃபைட் டைல்ஸ், அதாவது அதிக சூட்டுல சுட்டு கண்ணாடி மாதிரி இறுகின டைல்ஸ், அரை சதவீதம் கூட உறிஞ்சாது, அதுல வெறும் சிமெண்ட் சரியா பிடிக்காது, டைல் ஒட்டறதுக்குன்னே வர்ற பசை, டைல் அட்ஹெசிவ்தான் வேணும். நம்ம ஊர் மேஸ்திரிங்க வேலைய சுத்தமா செய்றவங்கதான், ஆனா சிலர் ரெண்டுக்கும் ஒரே முறைய போடுவாங்க.

அதனால சதுர அடிக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, பல்லு வெச்ச கரண்டியில அட்ஹெசிவ் இழுப்பீங்களா, டைல்ஸுக்கு நடுவுல ஒரே அளவு இடைவெளி விட ஸ்பேசர் வைப்பீங்களா, சுவரோட அடியில ஓட்டற ஸ்கர்டிங் பட்டைக்குக் கூலி தனியா, வெட்டும்போது வீணாகற டைல்ஸ் யார் கணக்குன்னு முன்னாடியே பேசிடுங்க. முடிஞ்சா அவர் போன வருஷம் ஒட்டின வீட்டுக்குப் போய் காசால தட்டிப் பாருங்க, போட்டோ பாத்து ஒண்ணும் தெரியாது. முழு காசையும் முதல்லயே குடுக்காதீங்க, காஞ்சப்புறம் தட்டிப் பாத்துட்டு மிச்சம்.

இடுக்குல பூசற க்ரௌட் போட்டா இந்த சத்தம் சரியாயிடும்னு நெறைய பேர் நம்புறாங்க, க்ரௌட் ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல இருக்கற இடைவெளியத்தான் அடைக்கும், அடியில இருக்கற பொள்ளலுக்குப் போகவே போகாது.