எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஏன் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள்?

எட்டு மாதம் மறைத்து வைத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மாமியாரின் இன்சுலின் குப்பி, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், யார் திறந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி நிற்கும். கீழ்த்தட்டில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு கடுகு டப்பா. அதற்குள் என் மருந்து. அத்தைக்குத் தினமும் கூடத்தில் உட்கார வைத்து ஊசி போடுவது நான்தான். என்னுடையதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வேன்.

மருந்து டிர்செபடைட். மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இதே மருந்தைத்தான் சர்க்கரை நோய்க்கும் தருகிறார்கள். சர்க்கரைக்குப் போட்டால் ‘பாவம்’ என்பார்கள். எடைக்குப் போட்டால் ‘நோகாமல் நுங்கு தின்கிறாள்’.

நோகாமலா? முதல் மாதம் தாளிக்கிற வாசனைக்கே குமட்டியது. மலச்சிக்கல் தனிக் கதை. அதற்கு முன் பத்து வருடம் நடை, பேலியோ, கொள்ளு ரசம் எல்லாம் பார்த்தாகிவிட்டது; ஆறு கிலோ இறங்கும், எட்டு கிலோ ஏறும். ‘வாயைக் கட்டு’ என்பவர்களுக்குத் தெரியாது, மதியச் சோற்றில் கை இருக்கும்போதே சாயங்கால பஜ்ஜி பற்றிய நினைப்பு எனக்குள் ஓட ஆரம்பித்துவிடும். இந்த மருந்து குடலில் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களைப் போல நடந்துகொண்டு மூளையில் பசியை அடக்குகிறது, வயிறு காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. எனக்கு மூன்றாவது வாரம், ஆடி மாதம் பூராவும் கத்திக்கொண்டிருந்த மைக் செட்டை யாரோ அணைத்தது போல இருந்தது. 94 கிலோ இப்போது 81.

நிறுத்தினால் எடை திரும்புமே என்பார்கள். பெரும்பாலோருக்குத் திரும்பத்தான் செய்கிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினாலும் பிரஷர் ஏறும், அதை யாரும் குறுக்கு வழி என்பதில்லை. கல்யாணத்துக்கு நாலு கிலோ இளைக்க, டாக்டரைப் பார்க்காமலே வாங்கிப் போடுகிறவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண், “எப்படிக்கா இப்படி இளைச்சீங்க?” என்று கேட்டாள். “ராத்திரி சோறு கிடையாது, ரெண்டு சப்பாத்திதான். அப்புறம் நடை” என்றேன். பொய் இல்லை, பாதி உண்மை. அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மூன்று மாதம் ரெண்டு சப்பாத்தி, மொட்டை மாடியில் நடை. இறங்கியது ஒன்றரைக் கிலோ. ஒருநாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “உங்களுக்கு இருக்கிற மன உறுதி எனக்கு இல்லக்கா” என்றாள். தொண்டையில் சோறு இறங்கவில்லை. அன்றே சொல்லிவிட்டேன்.

“அப்போ மூணு மாசமா என்னை எதுக்குக்கா பட்டினி போட்டீங்க?” என்றாள். இரண்டு நாள் பேசவில்லை. அவள் கோபம் நியாயம்தான்.

இப்போது யார் கேட்டாலும் ஊசி என்று சொல்லிவிடுகிறேன். குப்பியும் ஃபிரிட்ஜ் கதவுக்கு, இன்சுலினுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நாத்தனார் ஊரிலிருந்து வருகிற அன்று மட்டும் கடுகு டப்பாவைத் திரும்ப எடுக்கிறேன்.