ஐந்நூறு வருட இருட்டு?

கேள்வி: மௌரியர்கள் வீழ்ந்ததிலிருந்து குப்தர்கள் வரும்வரை சின்னச் சின்ன ராஜாக்களின் குடுமிப்பிடிச் சண்டைதானே? அந்த இருண்ட காலத்தை எதற்குப் பள்ளிப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள்?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: பாடப்புத்தகத்தில் அசோகருக்கு நான்கு பக்கம், மௌரியர்களுக்கு அடுத்து வந்த சுங்கர்களுக்கு நான்கு வரி. பக்கம் குறைந்ததை இருட்டு என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

சண்டை இல்லை என்று சொல்லவில்லை. ஆரம்பமே கொலைதான். கி.மு. 185 வாக்கில் கடைசி மௌரியனான பிருகத்ரதனைப் படை அணிவகுப்புக்கு வரவழைத்து, அங்கேயே தீர்த்துக்கட்டினான் சேனாபதி புஷ்யமித்திர சுங்கன். நூறு வருடம் கழிந்தது. கடைசி சுங்கன் தேவபூதியின் கதையை அவனுடைய அமைச்சர் வாசுதேவ காண்வர் முடித்து, தன் வம்சத்தை அரியணையில் ஏற்றினார். வினை விதைத்தவன் பேரன்களும் அறுத்தார்கள்.

ஆனால் அரண்மனைக்கு வெளியே வந்து பாருங்கள். புஷ்யமித்திரன் பௌத்தர்களின் தலைக்கு நூறு தினார் விலை வைத்தான் என்கிறது திவ்யாவதானம் என்ற பௌத்த நூல். தினார் என்ற காசு இந்தியாவில் புழங்கியதோ அவன் செத்து வெகுகாலத்துக்கு அப்புறம்! பிறகு அந்தக் கதையை எப்படி அப்படியே நம்புவது? அது மட்டுமல்ல, பார்ஹுத் என்ற ஊரின் பௌத்த ஸ்தூபியின் தோரண வாயிலிலேயே ‘சுங்கர்களின் ஆட்சியில்’ கட்டியதாகக் கல்வெட்டு இருக்கிறது. சாஞ்சி ஸ்தூபி கல் போர்த்திப் பெரிதானதும் அந்தக் காலத்தில்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஹெலியோடோரஸ். தட்சசீலத்திலிருந்து கிரேக்க அரசன் அந்தியால்கிதாஸ் அனுப்பிய தூதர். மத்தியப் பிரதேசத்தில் விதிஷா பக்கம், பெஸ்நகரில், வாசுதேவனுக்கு (அமைச்சர் அல்ல, கிருஷ்ணன்) ஒரு கருடத் தூண் நட்டு, தன்னைப் ‘பாகவதன்’, அதாவது அந்தக் கடவுளின் பக்தன் என்றே எழுதிவைத்தார். கிரேக்கர் ஒருவர் பெருமாளுக்குக் கல்லில் கையெழுத்துப் போட்ட காலத்தையா இருட்டு என்கிறீர்கள்?

தெற்கே சாதவாகனர்கள். கௌதமிபுத்திர சாதகர்ணி, வாசிஷ்டிபுத்திர புலுமாவி என்று அம்மா பெயரை முன்னால் போட்டுக்கொண்ட ராஜாக்கள். (அதனால் பெண்கள் ஆட்சி என்று முடிவுகட்ட வேண்டாம், அரியணை ஆண்வழியில்தான் போனது.) மகனின் வெற்றிகளைக் கௌதமி பாலஸ்ரீ நாசிக் குகையில் வெட்டிவைத்ததைப் படித்தால், பெற்ற வயிற்றின் பெருமிதம் இன்றும் தெரியும். இவர்களுடைய வெள்ளிக் காசுகளைத்தான் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கத்து எழுத்தைக் கல்வெட்டு அறிஞர்கள் பலர் தமிழ் என்று படித்திருக்கிறார்கள். ‘மகன்’ என்ற சொல்லே அதில் இருக்கிறது. ரோமானியக் கப்பல்கள் முசிறிக்கு மிளகு வாங்க வந்ததும், நம் சங்கப் பாட்டுகளில் பெரும்பாலானவை பிறந்ததும் உங்களுடைய அதே இருட்டில்தான்.

மௌரியர்களின் தலைநகரான பாடலிபுத்திரத்தில், இன்றைய பாட்னாவில், பேரரசன் இல்லை, வாஸ்தவம். அதற்காக ஊர் ஊராக விளக்கு அணைந்துவிடுமா?

சரி, காண்வ மன்னர்கள் நான்கு பேரின் பெயரையும் பிள்ளைகளை நெட்டுருப் போடச் சொன்னால், அந்த ஒரு விஷயத்தில் நானும் உங்கள் கட்சி.