பேழைக்குள் பாம்பு

கேள்வி: ராக் பாடல்களில் பறவை, குதிரை, ஓநாய் என எந்த உயிரினம் வந்தாலும் அது விடுதலை வேட்கையின் குறியீடுதான் என்கிறான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகன். தமிழில் அப்படி ஒரு மரபே கிடையாது என்றும் அடித்துப் பேசுகிறான். உண்மையா?
– ஈசூன் வாசகர்

பதில்: முதல் பாதி அரை உண்மை. இரண்டாவது பாதி சுத்தப் பொய்.

லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்' (1973) பாட்டையே எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே சுதந்திரம் இருக்கிறது. ஆனால் பாடுகிறவன் யார்? காதலியை விட்டுக் கிளம்புகிறவன். நாளைக்கு நான் போய்விட்டால் நினைத்துக்கொள்வாயா என்று கேட்டுவிட்டு, நான் பறவை, என்னை மாற்ற முடியாது என்கிறான். நம் வீட்டுப் பாட்டிகள் இவனுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஒன்பது நிமிடப் பாட்டில் ஏறக்குறைய பாதி வெறும் கிட்டார். அந்தப் பறவை பறப்பது அங்கேதான், வரிகளில் இல்லை.

பீட்டில்ஸின் 'பிளாக்பேர்ட்' (1968) வேறு ஜாதி. அதில் வரும் பறவைக்குச் சிறகு ஒடிந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை மனத்தில் வைத்து எழுதியதாகப் பால் மெக்கார்ட்னி பின்னாளில் சொன்னார். ஒடிந்த சிறகோடு பறக்கப் பழகு என்று ஒருவன் இன்னொருவரிடம் மெல்லச் சொல்கிற பாட்டு அது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

பிங்க் ஃபிளாய்டின் 'அனிமல்ஸ்' (1977) தொகுப்பில் நாய், பன்றி, செம்மறியாடு எல்லாம் உண்டு. எல்லாமே மனிதர்களை ஏசுவதற்கு. அதன் அட்டைப்படத்துக்காக 1976 டிசம்பரில் லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தில் கட்டிவிட்ட பன்றி பலூன், கயிற்றை அறுத்துக்கொண்டு விமானப் பாதையில் புகுந்து, கடைசியில் கென்ட் வட்டாரப் பண்ணை ஒன்றில் போய் இறங்கியது. அந்தத் தொகுப்பில் விடுதலை அடைந்த ஒரே ஜீவன் அதுதான்.

(நம் சிங்கப்பூரில் அப்போது தகராறு சிறகில் இல்லை, தலைமுடியில். 1972ல் லெட் ஸெப்பலின் குழு நீளமுடியால் இங்கே பாட முடியாமல் போனது. அலுவலகங்களில் நீளமுடி ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அறிவிப்பு தொங்கிய காலம். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், நம்பமாட்டான்.)

இனி தமிழுக்கு வருவோம். 'விட்டு விடுதலை யாகிநிற் பாயிந்தச் சிட்டுக் குருவியைப் போலே' என்ற பாரதியை விடுங்கள், அது எல்லாருக்கும் தெரியும். சத்திமுத்தப் புலவரைக் காட்டுங்கள். பிழைப்புத் தேடி வந்த மதுரையில், குளிருக்குப் போர்த்தத் துணியில்லாமல் கிடக்கிறார். வானத்தில் போகும் நாரையை 'நாராய் நாராய் செங்கால் நாராய்' என்று கூப்பிட்டு, ஊரில் இருக்கும் மனைவியிடம் சேதி சொல்லச் சொல்கிறார். பறவையின் அலகு பிளந்த பனங்கிழங்குபோல் இருப்பதைக்கூட ரசித்துச் சொல்கிறார். தன்னைப் பற்றிச் சொல்லும்போதுதான் வேறொரு பிராணி வருகிறது: 'பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும் ஏழையாளனைக் கண்டனம் எனுமே.' கைகளால் உடம்பைப் பொத்தி, கால்களை மடக்கி, கூடைக்குள் சுருண்ட பாம்புபோல் மூச்சு விடுகிறான் என்று சொல்லு.

மேலே நாரை, கீழே பாம்பு. பறக்கிறதைப் பாடுகிறவன் எங்கே அடைபட்டிருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொன்ன ராக் பாட்டு ஒன்றை உங்கள் மகன் கண்டுபிடித்து அனுப்பட்டும், அடுத்த இதழில் போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள், அவனுக்கில்லை. ஊழியர் தங்கும் விடுதிகளிலிருந்து நமக்குக் கவிதை அனுப்பும் தம்பிகளுக்கு. கொக்கும் நாரையும் போதுமான அளவு வந்துவிட்டன. அந்தப் பன்னிரண்டு பேர் அறையின் மேல்கட்டிலில் சுருண்டு படுப்பதை எழுதுங்கள்.