வாசகர் கேள்வி – பதில்: நகரோரக் குடியிருப்பில் ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு

என் ஆய்வேட்டின் தலைப்பில் ‘சேரி’ என்று போடலாமா?
– இறுதியாண்டு மாணவி, வவுனியா

வேண்டாம். அந்தச் சொல்லில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொழும்பில் ‘தோட்டம்’ என்பார்கள். வன்னியில் குடியேற்றம், திட்டம் என்பார்கள். இடம்பெயர்ந்தோர் முகாம் மூடி வருடக்கணக்கான பிறகும் சில இடங்கள் சனத்தின் வாயில் ‘காம்ப்’தான். அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள்.

வசதி குறைந்த குடியிருப்பு எது என்பதற்கு அளவுகோல் வேண்டுமென்றால், ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான ஹபிட்டாட் ஐந்து விடயங்களைப் பார்க்கிறது: நல்ல தண்ணீர், மலசலகூடம், உறுதியான வீடு, ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேற்படாத இடவசதி, எழுப்பிவிடுவார்கள் என்ற பயமில்லாத காணியுரிமை. வன்னியில் கொழும்பளவு நெருக்கம் இல்லை. இங்கே காணிதான் பெரிய தலையிடி. அதனால் ‘சொந்தமா, வாடகையா’ என்று இரண்டு பெட்டியோடு நிறுத்தாதீர்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வாய்ச்சொல், வாடகை, பிறர் காணியில் காவலிருப்பு என்று பிரியுங்கள். பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவே வேண்டாம்.

180 வீட்டில் 45ஐத் தெரிவு செய்யவேண்டும். கிராம அலுவலரின் பட்டியல் போதுமா?
– கிளிநொச்சி வாசகர்

தொடங்குவதற்கு உதவும். ஆனால் வாடகைக்கு வந்தவர்கள், வேறு பிரிவில் பதிவுள்ளவர்கள், கலியாணம் முடித்துத் தாய்வீட்டுத் தாழ்வாரத்தில் தறப்பாள் மறைப்புக்குள் தனியாகச் சமைப்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கமாட்டார்கள். ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து வரைபடம் கீறி, ஒவ்வோர் உலைக்கும் ஓர் இலக்கம் போடுங்கள். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கூரை ஒன்று, உலை இரண்டு என்றால் இலக்கமும் இரண்டு. மொத்தத்தை 45ஆல் பிரியுங்கள். 180 என்றே வந்தால் நாலுக்கு ஒன்று: 1 முதல் 4 வரை துண்டு குலுக்கி, வந்த இலக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு நாலாவது உலை.

கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள். காலை பத்து மணிக்குப் பூட்டியிருப்பது வேலைக்குப் போகிற வீடு. தாவிக்கொண்டே போனால் கூலிக்குப் போகிறவர்களும் கார்மென்ட்ஸுக்குப் போகிற பிள்ளைகளும் உங்கள் தாளில் இருக்கமாட்டார்கள். மூன்று தரம் போங்கள். அதில் ஒன்று மாலை 6.30க்குப் பிறகு, ஒன்று ஞாயிறு.

பிரதேச செயலகக் கடிதம் பையில் இருக்கட்டும். கிராம அலுவலரை வீடுவீடாகக் கூட்டிக்கொண்டு போனால் நிவாரணப் பதிவு என்றுதான் சனம் நினைக்கும்.

மாத வருமானம் கேட்டால் எல்லோரும் ஏறத்தாழ ஒரே தொகையைச் சொல்கிறார்கள். உண்மையை எப்படி எடுப்பது?
– ஆய்வு உதவியாளர், மாங்குளம்

அவர்கள் பொய் சொல்வதாக எடுக்காதீர்கள், கேள்விதான் பிழை. நாட்கூலிக்காரருக்கு மாத வருமானம் என்று ஒன்று கிடையாது. நல்ல நாளின் கூலியை முப்பதால் பெருக்கிச் சொல்வார், அல்லது அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும வெட்டுப்படும் என்ற பயத்தில் குறைத்துச் சொல்வார். 2023இல் அந்தக் கொடுப்பனவு தொடங்கியதிலிருந்து எந்தப் பதிவையும் சனம் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. உங்கள் தாள் அங்கே போகாது என்பதை முதலே சொல்லுங்கள். பெயரை ஒரு தாளிலும் பதிலை இலக்கம் மட்டுமுள்ள வேறொரு தாளிலும் எழுதி, அதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

பிறகு ஏழு கட்டம் கீறி, நேற்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். “நேற்று வேலை இருந்ததா? யாரிடம்? எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தீங்கள்? காசு கையில வந்ததா, நிலுவையா?” மேசனுக்குக் கையாளாகப் போகிறவர் நாலு நாள் வேலை செய்து இரண்டு நாள் காசுதான் வாங்கியிருப்பார். ஒரு நாள் கூலி முன்பணத்தில் கழிந்திருக்கும். உழைத்த நாளையும் காசு வந்த நாளையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

வீட்டுத்தொழிலில்தான் அதிகம் தவறிப்போகும். “உங்களுக்கு என்ன வேலை?” என்றால், “வேலை இல்லை தம்பி, வீட்டில சும்மாதான்” என்பா. அதே அக்கா விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைக்குக் கொடுப்பா. ஆகவே ‘வேலை’ என்ற சொல்லை விட்டுவிட்டு, “அடுப்பு எத்தனை மணிக்கு மூட்டுவீங்கள்? யாருக்குக் கொடுப்பீங்கள்? மிஞ்சினதைத் திருப்பி அனுப்புவினமோ?” என்று கேளுங்கள். மா, விறகு, மா குழைக்கவோ பிழியவோ உதவுகிற பிள்ளையின் நேரம் எல்லாம் எழுதவேண்டும். கடைக்காரர் மாவைக் கடனுக்குக் கொடுத்து இடியப்பத்தில் கழிக்கிறாரென்றால், விற்ற காசை அப்படியே வருமானமாகப் போட்டால் கணக்குப் பிழைக்கும்.

ஒரே தடவையோடு முடிக்கவும் கூடாது. செப்டெம்பரில் கட்டட வேலை ஓடும்; நவம்பர், டிசம்பர் மழையில் அது நின்றுபோகும்; காலபோக அறுவடைக்கு வயலில் கூலி வரும். குறைந்தது இரண்டு சுற்று, அதே வீடுகளில். கிழமைக் கடன் பற்றிய கேள்வி கடைசியில், அயலவர் பக்கத்தில் இல்லாதபோது.

‘குடும்பத்தில் எத்தனை பேர்?’ என்ற முதல் கேள்விக்கே ஓர் அம்மா அழத் தொடங்கிவிட்டா. கேள்வியை எடுத்துவிடவா?
– முல்லைத்தீவு வாசகி

எடுக்கவேண்டாம், மாற்றுங்கள். “நேற்றிரவு இந்த உலையில சாப்பிட்டது எத்தனை பேர்?” என்றால் உங்களுக்கு வேண்டிய எண் வந்துவிடும். காணாமல் ஆக்கப்பட்ட மகனையும் சேர்த்து “ஐந்து பேர்” என்று சொன்னால் திருத்தக்கூடாது. அவ சொன்னதை ஒரு வரியிலும் நேற்றிரவு சாப்பிட்டவர்களை மற்ற வரியிலும் எழுதுங்கள். அழுதால் பேனையை மூடி வைத்துவிட்டு இருங்கள். தொடர்வதா, இன்னொரு நாள் வருவதா என்பதை அவவிடமே கேளுங்கள்.

தண்ணீர்க் கஷ்டத்தை எண்ணில் காட்ட வழி உண்டா?
– கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், செட்டிகுளம்

ஒரு 20 லீற்றர் கானும் கைபேசி நேரமும் போதும். பொதுக்குழாயில் கான் நிரம்ப 4 நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 5 லீற்றர். தண்ணீர் 3 மணி நேரம் வந்தால் 900 லீற்றர்; 60 வீடு பங்கிட்டால் வீட்டுக்கு 15. முகாம்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆகக்குறைந்தது 15 லீற்றர் என்பது ‘ஸ்பியர்’ என்ற சர்வதேச நிவாரணத் தர நூலின் அளவு. இங்கே அது ஒரு முழு வீட்டுக்கு. காலை, மாலை, தண்ணீர் குறைந்த நாள் என்று மூன்று தரம் அளந்து, கானை வரிசையில் வைத்த நேரத்தையும் தூக்கிய நேரத்தையும் குறியுங்கள். பிரதேச சபைக்குக் கொடுக்குமுன் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள். எந்த வீடு விடுபட்டது என்று அங்கேதான் சொல்வார்கள்.